நன்றாகப் பராமரிக்கப்பட்ட பேட்டரி

குமரகுருவின் இதயத்துக்குப் பேட்டரி வைத்த நாளிலிருந்து அவர் மனைவி வேதவல்லிக்குச் சினிமா, கல்யாணம் எதுவும் கிடையாது. எண்பது சதவீதம் ஏறியதும் சார்ஜரைக் கழற்றுவாள். இருபதுக்குக் கீழே இறங்க விடமாட்டாள். பேட்டரி சூடாகக் கூடாதென்று மே மாதத்தில் ஃபேனை அவர் நெஞ்சுக்கு நேரே திருப்பிவிட்டுத் தான் புழுங்கிக்கொண்டு கிடப்பாள்.

மேல்வீட்டு எட்வினுக்கும் அதே பேட்டரிதான். அவன் ராத்திரி பூரா சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறவன். "செல்போனக்கூட இப்படிப் போடமாட்டாங்கடா!" என்று வேதவல்லி அவனைத் திட்டாத நாளில்லை.

வருடாந்தரச் சோதனைக்கு வந்த அதிகாரி, சார்ஜில் உட்கார்ந்திருந்த குமரகுருவின் மார்பில் கருவியை வைத்துப் பார்த்து அசந்துபோனார்.

"பேட்டரியோட ஆயுசு இன்னும் தொண்ணூத்தேழு சதவீதம் இருக்கு! புதுசு மாதிரி வச்சிருக்கீங்களேம்மா!"

வேதவல்லி பூரித்துப்போய்க் காபி கொடுத்தாள்.

குடித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: "புதன்கிழமை சாரைக் கூட்டிட்டு வந்துருங்க. இதை எடுத்து மாடியில எட்வினுக்கு வைக்கிறோம். சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் நல்ல பேட்டரின்னு இப்போ ரூல்."

"அப்ப இவருக்கு?"

"எட்வினோடது. ரொம்பக் கெட்டுப்போயிருக்கு. நீங்கன்னா நல்லாப் பாத்துக்குவீங்கன்னுதான் ஒதுக்கியிருக்காங்க."

அதிகாரி படியிறங்கிப் போனார்.

எண்பது ஆனதும் சார்ஜர் மணியடித்தது. பழக்கத்தில் நீண்ட வேதவல்லியின் கை பிளக்கருகே போய் அப்படியே நின்றது.

"கழட்டலையா?" என்றார் குமரகுரு.

"நூறு ஆகட்டும்," என்றாள் அவள். "ராத்திரி பூரா கெடக்கட்டும்."