டேப் நிற்கும் இடம்

“மூணே மூணு வார்த்தை. மூணு வயசுக் குழந்தைகூடச் சொல்லிடும். உனக்கு மட்டும் ஏன்யா வரமாட்டேங்குது?”

டைரக்டர் கேட்டதும் டேப் கண்ணாடிப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஒப்பனைக்காரர் அவருடைய காதோரம் நரை தீட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் சொந்த நரையே தாராளமாக இருந்தது. மேடை வெளிச்சத்துக்கு அது பத்தாதாம்.

டேப் என்பது குழு வைத்த பெயர். வசனத்தை ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், வாசித்தவரின் இருமல் உட்படத் திருப்பிச் சொல்லிவிடுவார். அந்த டேப்தான் பத்து நாளாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறது.

அரங்கில் ஆறு வாரத்துக்கு நாடக விழா. குடும்பம், உறவு, அக்கம்பக்கம் என்று இந்தக் காலத்துக் கதைகளாக ஐந்து நாடகங்கள். ஐந்திலும் கடைசியில் யாராவது யாரையாவது மன்னித்துவிடுவார்கள். பார்த்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே வந்து, வண்டியை யார் முதலில் எடுப்பது என்று சண்டை போடுவார்கள்.

நாலாவது நாடகத்தில் டேப்தான் அண்ணன். கோபித்துக்கொண்டு ஓடிப்போன தம்பியைப் பல வருடம் கழித்து பஸ் நிலையத்தில் கண்டுபிடிப்பார். திட்டுவார், அழுவார், கடைசியில் ‘வாடா, வீட்டுக்குப் போகலாம்’ என்பார். விளக்கு அணையும். இரண்டு மணி நேர நாடகத்தை நூல் பிசகாமல் கொண்டுவந்து, சரியாக அந்த வரியில் நின்றுவிடுவார்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பாதாம் தின்னு, தலைகீழாக நில், செல்போனைக் குறை. டேப் பாதாமை மட்டும் ஒப்புக்கொண்டார், அதுவும் யாராவது வாங்கிக் கொடுத்தால்.

ஒவ்வொரு முறையும் அவரைக் காப்பாற்றுவது, பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் அம்மாள்தான். விழாவுக்காக அரங்கம் அமர்த்திய ஆள், குழுவுக்குப் புதியவர். ஸ்டூலம்மா என்றே பெயராகிவிட்டது. எல்லோரிடமும் இரண்டொரு வார்த்தை பேசுபவர், டேப் எதிரே வந்தால் மட்டும் ஸ்கிரிப்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். தினமும் மறக்கிற நடிகனை எந்தப் பிராம்ப்டருக்குத்தான் பிடிக்கும் என்று குழுவில் பேசிக்கொண்டார்கள்.

“உங்க குடும்பத்துல யாருக்காவது மறதி வியாதி இருக்கா?” என்றார் டைரக்டர்.

“இல்ல சார். எங்க வீட்ல யாரும் எதையும் மறக்கமாட்டாங்க.”

டைரக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கியது, அதுதான் பயமாக இருந்தது. ஸ்டூலம்மாவின் குரல் முன்வரிசைக்கே கேட்கிறதாம். பத்திரிகைக்காரர் ஒருவர் அதை எழுதியும்விட்டாராம். இன்றைக்கும் நின்றால், நாளையிலிருந்து அண்ணன் வேடம், குழுவில் மாற்று நடிகராக இருக்கும் இன்ஷூரன்ஸ்காரருக்கு. அந்த ஆளுக்கு அழ வராது, ஆனால் எதையும் மறக்க மாட்டார்.

டேப்புக்கு நிலைமை புரிந்தது. இப்படி ஒரு வேடத்துக்குப் பதினைந்து வருடம் காத்திருந்தவர் அவர். இது போனால் இனிமேல் கிடைப்பது, முதல் காட்சியில் இருமி இரண்டாம் காட்சியில் செத்துப்போகிற பெரியப்பாதான்.

“இல்லாட்டி ஒண்ணு செய்யறேன். இன்னிக்கு எடுத்துக் குடுக்காதீங்கன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடறேன். தனியா விட்டா தானா வரும்.”

“வேணாம் சார்.” டேப் பாதி எழுந்துவிட்டார். நரைச் சாயம் கன்னத்தில் ஈஷிக்கொண்டது. “அது மட்டும் வேணாம்.”

டைரக்டர் போனதும் ஒப்பனைக்காரர் கன்னத்தைத் துடைத்துவிட்டு, ஸ்கிரிப்டை எடுத்துவைத்துப் பரீட்சை நடத்தினார். டேப் கடைசிக் காட்சி முழுவதையும் ஒப்பித்தார், தம்பியின் வசனத்தையும் சேர்த்து. அந்த மூன்று வார்த்தையும் வழுக்கிக்கொண்டு வந்தன.

“இதோ வருதேண்ணே. அப்புறம் என்ன?”

“கூட்டத்தைப் பார்த்தா பயம்” என்றார் முப்பது வருட நடிகர்.

பிற்பகல் மூன்று மணிக் காட்சி. அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் டேப் மேடையேறினார். முதல் பாதியில் ஒரு பிசிறு இல்லை. ஓரமாக நின்று பார்த்த இன்ஷூரன்ஸ்காரரின் முகம் தொங்கிப்போயிற்று.

கடைசிக் காட்சி. பஸ் நிலைய பெஞ்சு. தம்பியாக நடித்தவர் தேம்பி ஓய்ந்தார். டேப் அவர் தோளில் கை வைத்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கடைசி வரிசையில் டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். டேப் அசையவில்லை. தலையை மட்டும் பக்கத் திரையின் பக்கம் லேசாகச் சாய்த்தார்.

உள்ளேயிருந்து தாழ்ந்த குரல் வந்தது.

“வாடா, வீட்டுக்குப் போகலாம்.”

இரண்டு மூச்சு விட்டு அவர் அதைத் திருப்பிச் சொன்னார். விளக்கு அணைந்தது. கைதட்டல் பலமாகவே இருந்தது.

டைரக்டர் திட்டக்கூட இல்லை. சட்டையைக் கழற்றி இன்ஷூரன்ஸ்காரரிடம் கொடுத்துவிடச் சொன்னார், அவ்வளவுதான்.

டேப் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நரையைத் துடைத்தார். துடைத்த பிறகும் நிறைய மிச்சமிருந்தது. ஸ்டூலம்மா ஸ்கிரிப்டைப் பையில் வைத்துக்கொண்டு அறையைக் கடந்தார். போய்வருவதாக ஒப்பனைக்காரரிடம் சொல்லிக்கொண்டார். டேப் எழுந்து நின்றார். அவர் நின்றது அந்த அம்மாளின் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போய் அடங்கியது.

ஒப்பனைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “வேஷமே போச்சேண்ணே. தெரிஞ்ச வசனத்தை எதுக்கு முழுங்கினீங்க? அந்தம்மா வேற திரும்பிக்கூடப் பார்க்காம போகுது.”

“எங்க அக்காதான்” என்றார் டேப். “அம்மா சாவுக்கு, நாடகம் இருக்குன்னு நான் போகல. ஒன்பது வருஷமா எங்கிட்டப் பேச்சில்ல. இப்பதான், மேடையில நான் மறந்தா மட்டும் பேசுது.”