சின்ன எழுத்து மாமனார்

சிவப்புப் பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு நல்லுசாமி கையை நீட்டினார். “முசிறியிலேருந்து தபால் வந்துடுச்சாமே, எங்க?”

அவர் மனைவி வீரம்மாள் நான்காக மடித்த ஒரு தாளைக் கொடுத்தாள். அடுப்படி வாசலில் மகள் பொன்னுத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண் பார்த்துவிட்டுப் போன முசிறி வாத்தியார் பிச்சைமுத்துவை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் பெண் கேட்கிறவன் முதலில் இங்கிலீஷில் ஒரு கடிதம் போட வேண்டும் என்பது நல்லுசாமி வைத்த சட்டம். இருபது வருஷமாக அடுத்தவர் கடிதங்களைத் திருத்தியே பழகிய ஹெட் கிளார்க், வேறு என்ன சட்டம் வைப்பார்? இரண்டு வரன்கள் அந்தச் சிவப்புப் பென்சிலாலேயே தட்டிப் போயிருந்தன.

தாளைப் பிரித்ததும் அவருக்குத் தும்மல் வந்தது. “அந்துருண்டை வாசனையில்ல அடிக்குது! இந்தக் காலத்துப் பசங்க எதையெல்லாம் சென்ட்டுன்னு போடறானுங்க!”

“படிங்க” என்றாள் வீரம்மாள்.

“டைப் அடிச்சிருக்கான். கையால எழுதினா விரல் தேஞ்சிடுமா? தேதியும் போடலை. கையெழுத்து எங்கடி?”

“அது ரெண்டாம் தாள்ல இருக்குங்க. முதல்ல இதை முடிங்க.”

பென்சில் பாய ஆரம்பித்தது. “ஃபாதர்னு என்னைக் கூப்பிடறான், சின்ன எஃப்! பேருக்குப் பதிலா கூப்பிட்டா கேபிடல் போடணும்னுகூடத் தெரியலை. நான்னு சொல்லிக்கிற ஐ-யும் சின்னது.”

மறுபடியும் தும்மினார். “இந்தக் கூத்தைப் பாரு. யுவர் டாட்டர்னு அடிக்கறப்ப மட்டும் கேபிடல் டி! மகள்ங்கறது பொதுச் சொல், அதுக்கு எதுக்குப் பெரிய எழுத்து? மாமனார் சின்னது, பொண்ணு பெரிசா?”

பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு விஷயம் தெரியாது.

“அப்ப இவருக்குப் பொண்ணு குடுக்க வேண்டாங்கறீங்களா?” என்று கேட்டாள் வீரம்மாள்.

“மரியாதை தெரியாத பய. இவனுக்குப் பொண்ணு குடுக்கறவன் முட்டாள்!”

வீரம்மாள் இடுப்பில் செருகியிருந்த கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். புது நயா பைசா ஸ்டாம்பு ஒட்டி, வாய் பிரிக்காமல் இருந்தது.

“முசிறித் தபால் இதாங்க. இன்னும் பிரிக்கவே இல்லை.”

“அப்ப இது?”

“எங்கப்பா பெட்டியில பத்திரமா வச்சிருந்தது. ரெண்டாம் தாள்ல உங்க கையெழுத்துதான் இருக்கு.”

நல்லுசாமியின் கையிலிருந்து பென்சில் உருண்டு கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, வீரம்மாள் வெட்கத்தோடு சொன்னாள்:

“அந்த கேபிடல் டாட்டர் நான்தாங்க.”