ஆறாவது ஜோடி

ஐந்து நண்பர்கள் செருப்புத் திருடனைத் துப்பறியும் சிரிப்புக் குறும்படம் ஒன்றை எடுத்தார்கள். காட்சிக்குக் காட்சி வாசலில் ஒரு ஜோடி குறைய வேண்டும். குறைப்பது மதிவதனியின் வேலை. கடைசிக் காட்சிக்கு வாசல் காலியாக இருந்தாக வேண்டும்.

“லட்சம் தடவ சொல்லிட்டேன். இன்னும் ஒரு ஜோடி கெடக்கு. எண்ணத் தெரியாதவள அடுத்த படத்துல சேர்க்க மாட்டேன், பாத்துக்க” என்று இயக்குநர் செழியன் உள்ளேயிருந்து கத்தினான்.

மதிவதனி பையைக் கொட்டினாள். ஐவரின் செருப்புகளும் அதில் இருந்தன. வாசலில் கிடந்ததைத் தூக்கிப் பார்த்தாள். யானைக்கே இரண்டு சுற்றுப் பெரிதாக இருக்கும். பாதம் பதிந்த இடத்தில் சூடு இன்னும் ஆறவில்லை.

“இது நம்மளுது இல்லடா.”

“லூசு, நம்மளத் தவிர இங்க யாரு இருக்கா?”

அவள் செருப்பை மெல்லக் கீழே வைத்துவிட்டு, உள்ளே நிற்கும் ஆட்களை எண்ணத் தொடங்கினாள்.