கிணற்றுக்குள் விளக்கு

"ஏளா, விளக்கு எரியுதா?"

ஆழ்வார்திருநகரி வாழைத் தோட்டத்துக் கிணற்றை ஆறுமுகத்தாய் எட்டிப் பார்த்தாள். இரண்டாம் உலகச் சண்டை முடிந்ததும் வாங்கிய பெட்ரோல் இஞ்சின், தண்ணீருக்குச் சற்று மேலே இருந்த மேடையில் காலையெல்லாம் புகை கக்கி ஓடி, இப்போதுதான் நின்றிருந்தது. அதன் பக்கத்தில், கயிறு கட்டி இறக்கிய விளக்கு.

"நல்லா எரியுது, அண்ணே."

"அப்ப விசக்காத்து இல்ல. நான் எறங்குதேன்."

அண்ணன் சிவனணைந்தபெருமாள் முதல் படியில் கால் வைத்தான். அவள் அவனை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"விடுளா! நேரம் போகுது."

"விட மாட்டேன். அவுகளும் விளக்கு எரியுதுன்னு பாத்துட்டுத்தான் எறங்குனாவ. இஞ்சின் புகை விளக்க அணைக்காது போல."

கீழே, இஞ்சின் ஓரம் அசையாமல் கிடந்த அவள் புருஷனின் முகத்தை, அந்த விளக்கு நன்றாகவே காட்டியது.