ஆபத்துக்கு உதவும் சட்டை

"அவிழ்த்துத் தொலைடா மாப்ளே! வானம் இருட்டிக்கிட்டு வருது. மழை வந்துச்சுன்னா அரை மணியில இந்தக் குழி ரொம்பிடும்!"

மண்ணில் குப்புறக் கிடந்தபடி கத்தினான் ஓட்டிஸ். ஒரு மணி நேரமாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கன்னம், தாடி, காது எல்லாம் மண்.

அவன் தங்கை லோர்னாவைக் கட்டிய வெர்லின், ஒரு பாறைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து மான் உப்புக்கண்டத்தை மென்றுகொண்டிருந்தான். அவசரம் என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். உடம்பில் அவனே பின்னிய கையில்லாத சட்டை. துணி ஒரு நூல்கூடக் கிடையாது, அத்தனையும் பாராசூட் கயிறு, எண்ணூறு அடி. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக் குளிர்காலம் ஒன்றை முழுசாக அதற்கே கொடுத்திருந்தான்.

"சாயங்காலம் மாவட்டத் திருவிழாவுல கைவேலைப் போட்டி இருக்கு மச்சான். இதை அவிழ்த்துட்டா அங்க எதைக் காட்டுறது? உன் பனியனையா?"

"போட்டி கெடக்கட்டும்டா!"

"ஏன் கெடக்கட்டும்? போன வருஷம் முதல் பரிசு யாருக்குப் போச்சு? தபாலாபீஸ் எட்னாவுக்கு. கயித்துல ஆந்தை பின்னினதுக்கு! ஆந்தை யாரைக் காப்பாத்தும்?"

"உன் சட்டை யாரைக் காப்பாத்துது இப்போ?"

வெர்லின் வாய்க்குள் விரலை விட்டு நோண்டினான். உப்புக்கண்டம் பல்லில் சிக்கியிருந்தது.

காலையில் இரண்டு பேரும் காட்டுப்பழம் பறிக்கத்தான் மலைக்கு வந்தார்கள். காற்றில் தொப்பி ஒன்று பறந்தது. அந்தக் காலத்தில் எவனோ தங்கம் தேடித் தோண்டிவிட்டுப் போன பன்னிரண்டு அடிக் குழியில் போய் விழுந்தது. மரத்தில் கயிற்றைக் கட்டி, தொப்பியை எடுக்க இறங்கினால், பாதியிலேயே பட்டென்று கயிறு அறுந்தது. அடியில் சேறு இருந்த புண்ணியத்தில் எலும்பு தப்பியது. ஆனால் சுற்றிலும் வழுக்குகிற களிமண், பூனைகூட ஏற முடியாது. கைப்பேசிக்குச் சிக்னலும் இல்லை.

"அறுந்த கயிறு யார் வாங்கினது?" என்றான் வெர்லின்.

"நான்தான். அதுக்கு என்ன இப்போ?"

"கயிறு வாங்கினா முனையை வெட்டிப் பார்க்கணும். உள்ள ஏழு இழை இருக்கணும், ஒவ்வொரு இழையும் முறுக்கா இருக்கணும். நீ வாங்கினதுல என்ன இருந்துச்சு? தலையணைப் பஞ்சு! நிறம் அழகா இருக்குன்னு வாங்கிட்டு வந்திருக்கே."

"சரிடா, நான் முட்டாள். உன் கயிறு ஒசத்தி. ஐந்நூத்தம்பது பவுண்டு தாங்கும்னு பார்க்கிறவன்கிட்ட எல்லாம் பீத்துவியே, அதை அவிழ்த்து ஒரு முனையை எறி. நான் கெட்டியாப் பிடிச்சுக்கறேன்."

"பொட்டலத்துல என்ன எழுதியிருக்கான் தெரியுமா? ஆளைத் தூக்க இதைப் பயன்படுத்தாதீங்கன்னு. விதின்னு ஒண்ணு இருக்கு மச்சான்."

"நாலு பிரியா முறுக்கிக்கலாம்டா!"

"முறுக்கினா மடிப்பு விழுந்துடும். திரும்பப் பின்னினாலும் பழைய அழகு வராது."

ஓட்டிஸ் நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டான். இவனைப் போய் என் தங்கச்சி கட்டினாளே என்று அவனுக்கு அழுகையே வந்தது.

"போட்டிச் சீட்டுல நீயே என்னடா எழுதிக் கொடுத்திருக்கே? 'ஆபத்துக் காலத்தில் அவிழ்த்து உயிர் காக்கும் சட்டை'ன்னுதானே?"

"ஆமா."

"அப்போ இது ஆபத்து இல்லையா? கல்யாண விருந்தா?"

"ஆபத்துக்காகப் பின்னினது மச்சான், அவிழ்க்கறதுக்காகப் பின்னலே."

தூரத்தில் இடி உருண்டது. வெர்லின் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தான். சட்டை நனையக் கூடாதே என்ற கவலை முதல் முறையாக அவன் முகத்தில் தெரிந்தது.

"மணிக்கட்டுல கட்டியிருக்கிற கயித்துப் பட்டையையாவது அவிழ்டா. பத்தடி வருமே!"

"அது எங்க கல்யாண நாளுக்குப் பின்னினது. லோர்னா கொன்னுடுவா."

"உன் தொப்பியிலே சுத்தியிருக்கே, அது?"

"அது போனா தொப்பி தொளதொளன்னு ஆயிடும்."

"அடப்பாவி! மனுஷ உயிர் பெருசா, சட்டை பெருசா? ஒரே பதில் சொல்லு!"

வெர்லின் மெல்லுவதை நிறுத்தினான். தாடையைச் சொறிந்தான். உண்மையாகவே யோசித்தான்.

"எண்ணூறு அடி மச்சான்," என்றான் கடைசியில்.

சொட்டென்று ஒரு பெரிய துளி ஓட்டிஸின் பிடரியில் விழுந்தது. அடுத்தது பாறைமேல் விழுந்தது. இனி இந்த ஆளிடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று. எழுந்து நின்றான். முழங்கால் மண்ணைத் தட்டினான். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, குழிக்குள் குனிந்து கூவினான்.

"சரி, சட்டையோட அங்கேயே கெட! வண்டிச் சாவியையாவது மேல எறி. நான் போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து உன்னைத் தூக்கறேன்!"

"சாவியைச் சட்டையோட சேர்த்துப் பின்னிட்டேனே மச்சான்," என்றது பன்னிரண்டு அடி ஆழத்துச் சேற்றிலிருந்து வெர்லினின் குரல். "நீ நடந்தே போய், போட்டி நடுவரை இங்க இறங்கி வந்து பார்க்கச் சொல்லு!"