பிளக்கில் படிந்த கரி

பைக்கிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக்கை வெளிச்சத்தில் காட்டினார் மெக்கானிக். "மறுபடியும் கரிம்மா. போன மாசம் போட்ட புது பிளக் இது."

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணுக்கு மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

"இன்ஜெக்டர், சென்சார், ஏர் ஃபில்டர் எல்லாம் போன தடவையே பார்த்துட்டேன். வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல, ஓட்டுற விதத்துலதான் கோளாறு. உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க."

"என்கிட்டயே சொல்லுங்கண்ணே."

"குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலா போகும். சூடாகறதுக்குள்ள அணைச்சா கரி தங்கிடும். பக்கத்துத் தெருவுக்கெல்லாமா வண்டிய எடுக்கிறாரு?" என்றபடி மீட்டரைப் பார்த்தவர் திகைத்தார். போன முறை பார்த்த அதே கிலோமீட்டர்.

"வண்டி ஓடவே இல்லையேம்மா."

அவள் தலைகுனிந்தாள். "அவரு தவறி ஆறு மாசமாச்சுண்ணே. மாமியாருக்கு எதுவும் ஞாபகத்துல நிக்காது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் புதுசா கேக்கிற மாதிரி கதறி அழறாங்க. அதான், காலையில வாசல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் முறுக்கிட்டு அணைச்சிடுவேன். பிள்ளை வேலைக்குக் கிளம்பிட்டான்னு நிம்மதியா சாப்பிடுவாங்க."

மெக்கானிக் ஸ்பானரை அவள் கையில் கொடுத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டக் கற்றுக்கொடுத்தார். "இனிமே இவ்வளவு தூரம் தள்ளிட்டு வராதீங்க."

அவள் ஸ்டார்ட் செய்தாள். உடனே அணைக்க மனம் வரவில்லை.

"கிளப்பறது நான்தான்னு தெரியும்ணே. ஆனாலும் இந்தச் சத்தம் கேட்டா, சாயங்காலம் வந்துடுவாருன்னு எனக்கும் தோணுது."