உள்ளே வந்த சாப்பாடு

மணல் கொள்ளையைப் பற்றி எழுதிய நிருபரை யாரோ பிடித்துக்கொண்டு போய் அடைத்து வைத்திருந்தார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் துணையாசிரியைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இன்று மதியம் அவன் தானாகவே படியேறி வந்து நின்றான். இளைத்துக்கூடப் போகவில்லை. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். மற்றவர்கள் அவனைத் தூக்கிச் சுற்றினார்கள்.

"அக்கா மட்டும் இல்லேன்னா நான் செத்திருப்பேன்," என்று துணையாசிரியையைக் காட்டினான். "தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாங்க. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

எல்லோரும் சிரித்தார்கள். அலுவலகத்தையும் வீட்டையும் விட்டு அவள் எங்கும் போனதில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது, இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டில் சமைப்பது அவள் கணவர்தான். சேதி கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"அப்பாடா. அப்போ நாளையிலேர்ந்து ரெண்டு டப்பா கட்ட வேண்டாம், உனக்கு ஒண்ணு போதும்ல?"

இத்தனை நாளும் அவள் கொண்டுபோனது ஒரே டப்பாதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இல்லைங்க, ரெண்டே வைங்க," என்றாள். "அவனை அடைச்சு வெச்சிருந்த இடத்துல, பக்கத்து அறையில இன்னொருத்தர் இருமுற சத்தம் கேட்டுச்சாம்."